பின்கதவின் வலது கீல்

லாரி ஷெட்டில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். வைத்தவர் யாரோ, ஆளைச் சரியாக எடை போட்டிருந்தார். காலையில் ஒவ்வொரு டிப்பர் லாரியும் கேட்டைத் தாண்டும் முன் அதைச் சுற்றி வந்து, டயர், பிரேக், விளக்கு, பின்கதவு என்று பன்னிரண்டு இடங்களைப் பார்த்து, தாளில் டிக் போட்டுக் கையெழுத்து வைப்பது அவர் வேலை. அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு வண்டியும் வெளியே போகாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், பகலில் பார்த்த அதே லாரிகளை ஓரடி நீளத்துக்குச் செய்துகொண்டு உட்கார்ந்திருப்பார். "பகல் பூரா லாரியப் பாத்துட்டு வந்து மறுபடியும் லாரியையே பாக்கறீங்களே, நானும் ஒருத்தி இந்த வீட்டுல இருக்கேன்" என்று மனைவி சொல்லிச் சொல்லி அலுத்து, கடைசியில் அவளே மண் சலிக்க உட்கார்ந்துவிட்டாள்.

மண் என்றால் ஷெட்டு மண். ஒரு பொட்டலம் கொண்டு வந்து, நைலான் துணியில் மூன்று தடவை சலித்து, அந்தப் பொடியைத்தான் குட்டி லாரியின் சக்கரத்தில் பூசுவார். உடம்பு முழுக்கப் பிளாஸ்டிக் தகடு, அறுத்து ஒட்டியது. மட்கார்டுக்குப் பழைய சைக்கிள் டியூப், பக்கக் கண்ணாடிக்குச் சாக்லேட் சுற்றிய காகிதம், சீட்டுக்குத் தன்னுடைய நல்ல சட்டை. கடையில் விற்கும் பளபள பொம்மை லாரிகளைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். அடிபடாத வண்டி, எண்ணெய் ஒழுகாத வண்டி, ஒரு நாளும் உழைக்காத வண்டி, அதெல்லாம் ஒரு வண்டியா என்பார். நிஜ வண்டியில் இருக்கிற நசுங்கல் ஒவ்வொன்றும் அதே இடத்தில் அதே கணக்கில் வந்தாக வேண்டும். ஒரு தடவை மேனேஜர் அவர் செய்த லாரி ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "நம்ம வண்டியில எடது வெளக்கு ஒடஞ்சிருக்கா என்ன?" என்று கேட்டார். போய்ப் பார்த்தால் உடைந்துதான் இருந்தது. டிக் போட்ட வண்டி. எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். வண்டியில் இல்லாதது பூதக்கண்ணாடி செய்ததில் இருக்காது என்று அன்றிலிருந்து ஷெட்டில் ஒரு பேச்சு.

அந்தப் பெருமைதான் ஆளைக் கவிழ்த்தது.

பதினாலாம் நம்பர் வண்டியை ஓட்டுகிறவர் அவருடைய தங்கையின் கணவர். மாப்பிள்ளையின் நாற்பதாவது பிறந்தநாளுக்கு அவர் ஓட்டும் வண்டியையே செய்து கொடுப்பதென்று நாலு மாதம் உழைத்தார். எல்லாம் வந்துவிட்டது, உயிர் மட்டும் வரவில்லை. பின்பக்கம் மொட்டையாக இருந்தது. அப்போதுதான் ஒரு திங்கட்கிழமை காலை, மழை விட்டிருந்த நேரத்தில், பின்கதவின் வலது கீலில் அதைப் பார்த்தார். தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல். அதிலிருந்து துருத்தண்ணீர் வழிந்து, அரக்கு நிறப் பெயிண்டின் மேல் ஆரஞ்சாகத் தொடங்கி, இறங்க இறங்கக் கறுத்துப் போன ஒரு கோடு. அவருக்கு வாயில் தண்ணீர் ஊறியது என்றே சொல்ல வேண்டும்.

பார்த்தவுடன் அவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. தாளில் எழுதி, வண்டியை நிறுத்தி, வெல்டரைக் கூப்பிடுவது. ஆனால் வெல்டர் வந்தால் அரைமணி நேரத்தில் விரிசலை அடைத்து மேலே பெயிண்டும் அடித்துவிடுவார், கோடு போய்விடும். ஷெட்டுக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை, படம் எடுக்க முடியாது. எதையும் கண்ணில் ஏற்றிக்கொண்டுதான் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரே ஒரு நாள் இருக்கட்டும் என்று நினைத்தார். நினைத்துக்கொண்டே டிக் போட்டார்.

அன்று சாயங்காலம் நிறம் சரியாக வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் போய் நின்று பார்த்தார், டிக் போட்டார். புதன்கிழமை நிறம் வந்துவிட்டது. ஊசியால் விரிசலைக் கீறி, நாலே மயிர் உள்ள தூரிகையால் கோட்டை இழுத்து, மேலே வார்னிஷ் பூசி, வழக்கம்போல வண்டியின் அடியில் தேதியைக் கீறியபோது அந்தக் கீல் விஷயமே அவர் மனதில் முடிந்துபோயிற்று. எழுதிக் கொடுத்தாகிவிட்டது போல ஒரு நிம்மதி. வியாழக்கிழமையிலிருந்து அவர் கண் அந்தப் பக்கம் போகவே இல்லை. டிக் மட்டும் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பிறந்தநாள். மாப்பிள்ளை குட்டி லாரியை இரண்டு கையாலும் வாங்கி, "ஹாரன் அடிக்குமா மச்சான்?" என்று கேட்டார்.

அதற்கடுத்த வியாழக்கிழமை, ஜல்லி கொட்டிக்கொண்டிருந்தபோது கீல் விட்டுப்போய்ப் பின்கதவு மாப்பிள்ளையின் வலது காலில் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

உடைந்த கதவைக் கம்பெனி அந்த வாரமே பழைய இரும்புக்குப் போட்டுவிட்டது. திறக்காத பின்கதவுக் கொக்கியை டிரைவர் சுத்தியலால் அடித்திருக்கிறார், அடித்த அடியில்தான் கீல் உடைந்தது, அன்று காலைவரை கதவு நன்றாக இருந்தது, இதோ கையெழுத்து என்று கம்பெனி தாளைத் தூக்கிக் காட்டுகிறது. யார் கையெழுத்து என்று சொல்லத் தேவையில்லை. நாளைக் காலை பத்து மணிக்கு விசாரணை. தப்பு டிரைவர்மேல் என்று முடிவானால் மாப்பிள்ளைக்கு வேலை போகும், செயற்கைக் கால் கிடைக்காது, தன் காலைத் தானே உடைத்துக்கொண்டவன் என்ற பெயர் மட்டும் கூடவே வரும்.

மூன்று வாரமாக அவருக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் ஆரஞ்சுக் கோடு. நேற்றுத்தான் மனைவியிடம் வாயைத் திறந்தார். அவள் கையில் இருந்த துணியை மடித்து வைத்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கு. இப்ப உனக்கு."

"அந்தக் குட்டி வண்டி அவங்க வீட்டுல இருக்கே."

"அதான்."

"போயி ஒரு சொட்டு பெயிண்ட் வெச்சுட்டு வந்துடுங்க." அவள் கெட்டவள் இல்லை, பயந்துபோயிருந்தாள். "போன காலு திரும்பி வரப்போறதில்ல. உங்க வேலையும் போயி, உங்க தங்கச்சியும் உறவு அறுத்துக்கிட்டு, ரெண்டு வீடும் நடுத்தெருவுல நிக்கணுமா?"

 இன்று மதியம் அவர் லீவு சொல்லிவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போகும்போது, சட்டைப் பையில் அரக்கு நிறப் பெயிண்ட் குப்பி இருந்தது. தோள்பையில் தூரிகையும் ஊசியும் நெற்றியில் மாட்டும் பூதக்கண்ணாடியும் இருந்தன.

தங்கை கதவைத் திறந்தவள் அவரைப் பார்த்ததும் செருப்பை மாட்டிக்கொண்டாள். "நல்ல நேரத்துல வந்த. அவரு தூங்கறாரு, பக்கத்துல இரு. நான் ஓடிப்போயி மாத்திர வாங்கிட்டு வந்துடறேன்." வாசலில் இறங்கியவள் திரும்பினாள். "அண்ணா, நாளைக்கு நீ சொல்லிடு. அவரு சுத்தியலத் தொடற ஆளே இல்லன்னு சொல்லு. நீ சொன்னா நம்புவாங்க. ஒனக்குத் தெரியாத வண்டியா?"

"சரிம்மா" என்றார். 

உள்ளறையில் மாப்பிள்ளை கண்ணை மூடிப் படுத்திருந்தார். போர்வை இடது பக்கம் பாதம்வரை மேடாக இருந்தது, வலது பக்கம் பாதியிலேயே படிந்துவிட்டது. தலைமாட்டில் சின்ன மேஜை. அதில் மாத்திரை அட்டைகள், தண்ணீர் பாட்டில், பதினாலாம் நம்பர் லாரி.

சத்தம் வராமல் லாரியை எடுத்தார். ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, பூதக்கண்ணாடியை மாட்டி, பெயிண்ட் குப்பியின் மூடியைத் திறந்துவிட்டுக் குனிந்தார். இவ்வளவு வயசுக்கு அவர் திருடியதில்லை. திருடுகிறவனைப் போல ஒரு தடவை வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

விரிசலைக் காணோம்.

கீல் முழுக்க அரக்கு நிறத்தில் ஏதோ தடிப்பாக அப்பியிருந்தது. கொக்கிவரைக்கும் வழிந்து, குமிழ் குமிழாகக் காய்ந்து, நடுவில் ஒரு நூல்கூட ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்த்தார். நகப்பூச்சு. மாத்திரை அட்டைகளுக்குப் பின்னால் தங்கையின் நகப்பூச்சு பாட்டில், மூடி கோணலாக, நின்றுகொண்டிருந்தது.

"ஒழுங்காப் பூச வரல மச்சான்" என்றார் மாப்பிள்ளை, கண்ணைத் திறக்காமலே. "படுத்துக்கிட்டே பூசினேன். கை நடுங்குது."

அவர் லாரியோடு திரும்பினார்.  "எப்பப் பாத்தீங்க?"

"ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த மறுநாளே. எனக்கு வேற என்ன வேல? இத எடுத்து எடுத்துப் பாத்துட்டே கெடப்பேன். நீங்க இல்லாததச் செய்ய மாட்டீங்களே மச்சான். அடியில தேதி வேற போட்டிருக்கீங்க."

"என்னைத் திட்டுங்க மாப்ள."

"திட்டினேன். ஒரு வாரம் மனசுக்குள்ளயே திட்டினேன். எனக்கு இவ்வளவு கெட்ட வார்த்த தெரியும்னே அப்பத்தான் தெரிஞ்சுது." மாப்பிள்ளை கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தார். "அப்புறம் யோசிச்சேன். எனக்குக் காலு போச்சு. இது வெளிய வந்தா அவளுக்கு அண்ணனும் இல்லாமப் போயிடும். அப்பா அம்மா இல்லாதவ, இருக்கறது நீங்க ஒருத்தர்தான். வேணாம். நாளைக்கு நாந்தான் சுத்தியலால அடிச்சேன்னு சொல்லிடறேன்."

"நீங்க அடிக்கலையே."

"அடிக்கல. சொன்னா என்ன, நாக்கு தேஞ்சா போயிடும்?"

அவர் அழுதார். கன்னத்தில் நாலு அறை விட்டிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பார். இதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பூதக்கண்ணாடிக்குள் தண்ணீர் நிறைந்து லாரி கலங்கிற்று. அதிலும் கேவலம் என்னவென்றால், அந்த நிலைமையிலும் அவர் கை அந்தக் குமிழ்களைத் தேய்த்து, மேலே தன் பெயிண்டை மெல்லிசாக ஒரு பூச்சு கொடுத்துச் சரிசெய்யத்தான் துடித்தது. கொடுத்தால் அவராலேயே கண்டுபிடிக்க முடியாது. மாப்பிள்ளையே சம்மதித்துவிட்டார். ஒரு சொட்டுதான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெயிண்ட் குப்பியை மூடிப் பைக்குள் போட்டுவிட்டு ஊசியை எடுத்தார்.

"என்ன பண்றீங்க?"

"உரிக்கறேன்."

"மச்சான், வேணாம்னு சொல்றேன்ல."

"பேசாதீங்க மாப்ள. கை ஆடும்."

வெறும் வாயால் போய்ச் சொன்னால், தங்கை புருஷனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறான் என்பார்கள். இந்த வண்டியையும் இதன் தேதியையும் பார்த்தால் மேனேஜரால் அப்படிச் சொல்ல முடியாது. நகப்பூச்சின் ஓரத்தை ஊசியால் கிளப்பி, தோல் தோலாக இழுத்தார். வார்னிஷ் தாங்கியது. விரிசலுக்குள் இறங்கியதைத் தோண்டி எடுப்பதுதான் பாடு. ஊசி ஒரு நூல் தப்பினால் துரு மொத்தமும் உரிந்து வந்துவிடும், சாட்சியும் அதோடு போகும். தப்பட்டுமே என்று ஒரு தடவை தோன்றியது. இரண்டாவது தடவையும் தோன்றியது. கை தப்பவில்லை. நாசமாய்ப் போன கை, இன்றைக்கும் நன்றாகத்தான் வேலை செய்தது.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டபோது கடைசித் தோல் வந்துவிட்டது. அடியில் கோடு அப்படியே இருந்தது, மேலே ஆரஞ்சு, கீழே கறுப்பு. அவ்வளவு நன்றாகச் செய்திருந்தார்.

"வந்த எடத்துலயும் லாரிதானா அண்ணா?" தங்கை மாத்திரைப் பொட்டலத்தை மேஜையில் வைத்தாள். புருஷன் முகத்தைப் பார்த்தாள், அண்ணன் முகத்தைப் பார்த்தாள். "என்ன ரெண்டு பேரும் இப்படி இருக்கீங்க?"

அவர் பூதக்கண்ணாடியைக் கழற்றி அவளிடம் நீட்டினார். "இப்படி உக்காரு. நாளைக்கு மேனேஜர்கிட்ட இதக் காட்டப் போறேன். அதுக்கு முன்னாடி நீ பாக்கணும்."

"மச்சான்" என்றார் மாப்பிள்ளை. இரண்டு பேரும் அவர் பக்கம் திரும்பவில்லை.

"எங்க பாக்கணும்?"

"பின்கதவு. வலது கீல். பாத்துட்டு அடியில தேதியப் படி."

அவள் லேசாகச் சிரித்துக்கொண்டேதான் கண்ணாடியை மாட்டினாள். கீலைப் பார்த்தாள். லாரியைத் திருப்பித் தேதியை வாய்விட்டுப் படித்தாள். மறுபடி கீலைப் பார்த்தாள், இந்தத் தடவை வெகுநேரம். புருஷனின் கால் போன தேதி அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"இத நீ பாத்தியா அண்ணா?"

"பாத்தேன்."

"பாத்துட்டு என்ன செஞ்ச?"

அவர் அவள் மடியில் இருந்த லாரியைக் காட்டினார்.

"இதத்தாம்மா செஞ்சேன்."