பன்னிரண்டரைக்கு வந்த பதில்

நம்பாதவர்கள் என் வீட்டுக்கு வரலாம். வேலை அனுமதி அட்டையைக் காட்டுகிறேன். நேரமெல்லாம் அதில் இருக்கிறது, என் மச்சானின் கோழிக்கிறுக்கல் எழுத்தில்.

நாங்கள் எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கிக் கசடு வழிப்பவர்கள். ஒருவன் உள்ளே. ஒருவன் மேலே, வாய்த்துளை அருகே. நடுவில் ஒரு கயிறு. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மேலே இருப்பவன் ஓர் இழுப்பு இழுப்பான். உள்ளே இருப்பவனும் பதிலுக்கு ஒன்று இழுத்தால் நலம் என்று அர்த்தம். இரண்டு இழுப்பு என்றால் வெளியே வா. பதிலே வராவிட்டால் ஆபத்து.

"சீக்கிரம் ஏறி வா மாப்ள. உனக்கு ஒண்ணுன்னா என் தங்கச்சி என் தோலைத்தான் உரிப்பா" என்றான் மேலே நின்ற மச்சான்.

செவ்வாய்க்கிழமை, காலை 11:10. இறங்கினேன்.

தொட்டிக்குள் ஓர் இரும்புத் தடுப்பு. அதன் ஓட்டை வழியே நுழைந்தால் கடைசி அறை. கயிறு விளிம்பில் சிக்கிச் சிக்கி இழுத்தது. இரண்டு நிமிட வேலைதானே என்று இடுப்புக் கொக்கியைக் கழற்றித் தடுப்புக்கு அந்தப் பக்கம் தொங்கவிட்டேன். செய்யக்கூடாது. எல்லோரும் செய்வதுதான்.

கால் வழுக்கியது. தலைவிளக்கு உடைந்தது. தொட்டியின் அடியில் ஓடிய குழாய்க்குக் கீழே முழங்கால் மாட்டிக்கொண்டது. இருட்டில் கைக்கடிகார முள் மட்டும் பச்சையாகத் தெரிந்தது. 11:32.

கத்தினேன். மேலே காற்று மோட்டார் இரைச்சல். அவனுக்குக் கேட்காது. பரவாயில்லை... 11:35-க்கு இழுப்பான். பதில் வராது. இறங்கி வருவான்.

11:35. தடுப்புக்கு அந்தப் பக்கம் கொக்கி இரும்பில் தட்டியது.

டிங்.

அவ்வளவுதான். இனி வந்துவிடுவான்...

டிங்.

இது மேலிருந்து வந்த இழுப்பு இல்லை. இது பதில்.

"யாரு?" என்றேன்.



11:40. டிங்... டிங்.

11:45. டிங்... டிங்.

மேலே மச்சான் நிம்மதியாக அட்டையில் சரி போட்டுக்கொண்டிருப்பான். நான் இங்கே செத்தாலும் பதில் போய்க்கொண்டே இருக்கும்.

கத்துவதை நிறுத்தினேன். அது என் பக்கம் வந்துவிடுமோ...

12:30. டிங், டிங். சாப்பாட்டுக்கு வா.

டிங்.

ஒன்றே ஒன்று. வரமாட்டேனாம்.

ஏணி அதிர்ந்தது. வெளிச்சம். மச்சான்.

மேலே வந்ததும் சொன்னான். "ஒம்போது வருஷமா பாக்கறேன். சோத்துக்குக் கூப்பிட்டு நீ வராம இருந்ததே இல்ல. அப்பவே தெரிஞ்சுபோச்சு, அது நீ இல்லன்னு."

அந்த ஞாயிறு மதியம் ஒரு வயதான வெல்டர் என்னைக் கூட்டிப்போனார். டயர் கடை மாடியில் ஓர் அறை. தொட்டிக்குள் மாட்டி மீண்டவர்களின் சங்கம். பெயர்ப்பலகை கிடையாது. அவரோடு சேர்த்து ஏழு பேர். நகர்ந்து இடம் கொடுத்தார்கள். ஐந்து நாளில் முதல்முறையாக என் மூச்சு சீராக வந்தது.

ஒருவர், மணி கேட்பதுபோல, "உனக்கு எத்தனை தடவ பதில் சொல்லுச்சு?" என்றார்.

"பன்னெண்டு."

"எனக்கு நாலு."

வெல்டர் என் தோளைத் தொட்டார். "உன்னை வெளிய எடுத்தது யாரு?"

"மச்சான்."

"அவனை இனிமே இறங்க விடாத. எங்களை எடுத்த ஏழு பேரும் அடுத்த தடவ இறங்குனாங்க. பதில் வந்துகிட்டே இருந்துச்சு. ஆள் வரல."

சுவர்க் கடிகாரத்தில் 3:20. மச்சானுக்கு அன்று ஓவர்டைம். மூன்று மணிக்கே இறங்கியிருப்பான்.

ஓடினேன்.

3:50. வாய்த்துளை அருகே மச்சானின் புதுக் கூட்டாளி அட்டையால் விசிறிக்கொண்டிருந்தான்.

"ஏண்ணே இப்படி ஓடி வர்றீங்க? இப்பதான பதில் வந்துச்சு."

இறங்கினேன். மச்சான் ஏணியடியிலேயே கிடந்தான்.

கொக்கி அவன் இடுப்பில்தான் பூட்டியிருந்தது.

உயிர் போனதாக மருத்துவர் எழுதிய நேரம் 3:05-க்கு முன்.

அட்டையில் 3:05 முதல் 3:50 வரை பத்துச் சரிகள்.