அண்ணன் வைக்கப்போகும் பெயர்

மாவை வீசிக்கொண்டே அடுத்த மேஜைக் குழந்தையிடம் பேர் கேட்பான் வீரபாண்டி. ஆரியசாலை மொத்தக் கடைகளுக்கு நடுவில் இருக்கும் அந்த ஓட்டலுக்குக் குடும்பத்தோடு யார் வந்தாலும் இது தப்பாது. குழந்தை பேரைச் சொன்னால் போதும், கையிலிருக்கும் பரோட்டா கல்லில் விழுவதற்குள் அது எந்தப் படத்துக் கதாநாயகியின் பேர் என்று சொல்லிவிடுவான். "படம் ஓடல சாரே. பேரு மட்டும் நல்லா ஓடுது" என்பான். பெற்றவர்கள் அசடு வழியச் சிரிப்பார்கள். பதிலுக்கு யாராவது, "மாஸ்டரே, உங்க மோளுக்கு என்ன பேரு?" என்று கேட்டுவிட்டால் மட்டும் அவனுக்குத் திடீரென்று வெங்காயம் நறுக்கும் வேலை வந்துவிடும்.

அவன் மகளுக்கு நாலு வயது தாண்டிவிட்டது. பேர் கிடையாது. தடுப்பூசி அட்டையில் அவள் 'பேபி ஆஃப் அஜிதா'. தெருவில் பாப்பா. அங்கன்வாடி டீச்சர் கிருஷ்ணவேணி அவனைக் கண்டாலே, "எந்தா வீரபாண்டி, கொச்சுக்கு இன்னும் பேரு இட்டில்லையா?" என்று மலையாளம் கலந்து பிடித்துக்கொள்வாள். "அண்ணன் வைக்கணும் டீச்சர்" என்று சொல்லிவிட்டு நழுவுவான்.

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் அல்ல, திரையில் வருகிறவர். பரோட்டா போட இங்கே வருவதற்கு முன்னால், ஆலங்குளம் பக்கத்துச் சொந்த ஊரில் இளவட்டமாகத் திரிந்த நாளில், அவன் கூட்டாளி ஒருத்தனின் குழந்தைக்கு அண்ணன் மேடையிலேயே பேர் வைத்தார். அந்தப் போட்டோவை அந்த வீட்டில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டி, சின்ன பல்பும் எரியவிட்டார்கள். கூட்டத்தில் மிதிபட்டுக் கால்விரல் வீங்க, கீழே நின்று பார்த்தவன் வீரபாண்டி. தன் பிள்ளைக்கும் அவர் வாயால்தான் பேர் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டான்.

பாப்பா பிறந்தபோது அஜிதா, "எங்க அம்மைக்க பேரு வைப்போம். நீலாம்பாள்" என்றாள். நாகர்கோவில் பக்கம் முந்திரி ஆலையில் விரல் தோல் உரிய வேலை பார்த்து அவளை வளர்த்தவள் அந்த அம்மா. பேத்தியைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்துவிட்டாள். "இந்தக் காலத்துல எவ நீலாம்பாள்னு வைப்பா? கொஞ்சம் பொறு, அண்ணன் வைப்பாரு" என்றான் வீரபாண்டி. பொறுத்துப் பார்த்தவள், அண்ணன் படத்தில் வரும் பேர் ஒன்றையாவது வைத்துத் தொலையேன் என்றும் கெஞ்சினாள். அதற்கும் மசியவில்லை. "படத்துப் பேரு டிக்கெட் எடுத்தவன் எல்லாத்துக்கும் கிடைக்கும். கரமனையில போயி அண்ணன் படத்துப் பேரச் சொல்லிக் கூப்பிடு, தெருவுல பாதிப் புள்ளைங்க திரும்பும். நம்ம புள்ளைக்குன்னு அவரு தனியா சொல்லணும்."

அண்ணன் இந்த ஊருக்கு வரும்போதெல்லாம் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினான். ஒருமுறை போலீஸ் விரட்டியது. ஒருமுறை காய்ச்சலில் அனத்திய பிள்ளையைப் போர்வையில் சுற்றி எடுத்துப் போய், கார் போன புழுதியைத் தின்றுவிட்டுத் திரும்பினான். இதைப் பாசம் என்று சொல்ல அஜிதாவுக்கு வாய் வரவில்லை. பாசம் இல்லை என்றும் தள்ளிவிட முடியவில்லை. அஜிதா சண்டை போடுவதை நிறுத்திக்கொண்டாள். சண்டை போடாத பெண்டாட்டியைக் கண்டு பயப்பட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

இந்த ஜூனில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாக வேண்டும். "இந்த வட்டமும் அவரு வைக்கலேன்னா நான் வைப்பேன். பின்ன என்னைக் கேக்கப்பிடாது" என்று மட்டும் அஜிதா சொன்னாள். அதற்கேற்றாற்போல் அண்ணனும் படப்பிடிப்புக்காக ஊருக்கு வந்து, நகரத்தில் ஒரு பெரிய ஓட்டலில் தங்கினார்.

வீரபாண்டி லீவு போட்டான். பாப்பாவுக்குப் புது கவுன். வீடியோ எடுக்க டீ மாஸ்டர் சுமந்த் கூட வந்தான். வாசலில் கூட்டம் நெருக்கியதில் சுமந்த் எங்கோ பின்னால் ஒதுங்கிப் போனான். அண்ணனின் கார் வெளியே வந்தது, கூட்டத்தால் ஊர்ந்தது. வீரபாண்டி முண்டியடித்துப் போய்ப் பாப்பாவை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தான். கண்ணாடி இறங்கியது.

"அண்ணே, எம்புள்ளைக்கு ஒரு பேரு வைங்கண்ணே." வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி முன் நின்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்த வாக்கியம். ஒரு எழுத்தும் வெளியே வரவில்லை. அண்ணன் கை நீட்டிப் பாப்பாவின் கன்னத்தைத் தட்டினார்.

"பேரென்னம்மா?"

அவர் இப்படிக் கேட்பார் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை. பாப்பா ஒரு கணமும் யோசிக்கவில்லை.

"நீலாம்பாள்."

"அட, ரொம்ப நல்ல பேரும்மா" என்றார் அண்ணன். கண்ணாடி ஏறியது. கார் போய்விட்டது.

திரும்பும் பஸ்ஸில் மகளை மடியில் வைத்துக்கொண்டு, கசங்கிய கவுனை நீவிவிட்டான். அப்புறம், "அந்தப் பேர யாரு சொல்லித் தந்தா?" என்று கேட்டான்.

"அம்மா எப்பவும் அப்படித்தானே கூப்பிடும். நீ வேலைக்குப் போன பொறவு."

அவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தன் வீட்டில் பேரோடு ஒரு பிள்ளை வளர்ந்திருக்கிறாள், தனக்கு மட்டும் தெரியவில்லை.

அவன் வேலை பார்க்கும் ஓட்டலில் லட்டுப் பெட்டி தயாராக இருந்தது. கூட்ட இரைச்சலில் சுமந்தின் வீடியோவில் சிக்கியது அண்ணன் குனிவதும், 'நல்ல பேரும்மா' என்று சொல்வதும்தான். அதை வைத்து, அண்ணன் பேர் வைத்துவிட்டார் என்று சுமந்த் போனிலேயே ஊரைக் கூட்டிவிட்டான். பக்கத்து கிளினிக்கில் துடைக்கிற வேலை செய்யும் அஜிதாவும் ஈரக் கையோடு வந்து படியில் நின்றாள். முதலாளி திரவியம் அவள் கையிலும் ஒரு லட்டைக் கொடுத்துவிட்டு, "ஏலே வீரபாண்டி, என்ன பேருலே வச்சாரு?" என்றார்.

எல்லோரும் அவன் வாயையே பார்த்தார்கள். அவன் அஜிதாவைப் பார்த்தான். உண்மையைச் சொல்ல அந்த ஒரு நொடி போதுமானதாக இருந்தது.

"நீலாம்பாள்" என்றான். "அண்ணனாக்கும் வச்சாரு."

கைதட்டல் எழுந்தது. "பழைய பேரு. ஆனா அவரு வாயால வந்தாச்சுல்லா, இனி பாரு, சாலைக் கடைத்தெரு முழுக்க நீலாம்பாளாத்தான் பொறக்கும்" என்று திரவியம் சிரித்தார்.

அஜிதா படியேறி வந்து, கையிலிருந்த லட்டை உடையாமல் பெட்டியில் திரும்ப வைத்து, மூடியை அழுத்தி மூடினாள்.