நாற்பத்தொன்றாவது ஆள்

இதை எழுத நான்கு வருஷம் தயங்கினேன். பத்தாவதோடு நின்றவன், எழுதினால் பிழை வரும் என்பது ஒரு காரணம். என் வாயால் சொன்ன பொய்யை நாலு பேர் படிக்கும்படி எழுத வேண்டுமே என்பது அதைவிடப் பெரிய காரணம்.

போன மாசம் ஒரு கல்யாணப் பந்தியில் என் மச்சான் பக்கத்து இலைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: "எங்க மாமா கரும்பு போடுறவரு. அக்கா ஒரே ஒரு வாட்டிதான் சொல்லிக் குடுத்துச்சு. காலேஜ் கணக்க அப்டியே புடிச்சிக்கினாரு." எல்லோரும் என்னைப் பெருமையாகப் பார்த்தார்கள். நான் பாயசத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். வீட்டுக்கு வந்து சாமி விளக்கை ஏற்றும்போது, இனியும் எழுதாமல் இருந்தால் முதல் பொய்யின் மேல் இரண்டாவது பொய்யை அடுக்கியதாகிவிடும் என்று தோன்றியது.

எங்களுக்குக் கச்சிராயபாளையம். கோமுகி அணைத் தண்ணீரில் கரும்பு வைக்கிறோம். என் மனைவி கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறாள். அவள் எம்.எஸ்சி.; நான் பத்தாவது. பெண் பார்க்கப் போன அன்றே ஊர் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை, எனக்கு அது போதும்.

நான்கு வருஷத்துக்கு முன் அந்தக் கல்லூரியில் ஒரு உத்தரவு போட்டார்கள். கல்லூரி ஆசிரியர்களுக்கென்று ஆன்லைனில் நடக்கும் கற்பித்தல் மேற்படிப்பை முடித்தவர்களுக்குத்தான் அடுத்த வருஷம் வகுப்பு. அவள் தற்காலிகமாக இருந்தவள். முடிக்கவில்லையென்றால் வேலை இல்லை. விடியற்காலை நாலரைக்கு எழுந்து, அரிசியைக் களைந்து வைத்துவிட்டு, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு லேப்டாப் முன் உட்காருவாள். மூன்று மாதம் ஒரு நாளும் விடவில்லை. எழுத்துப் பரீட்சையெல்லாம் நல்ல மார்க்.

கடைசியாக ஒரு செய்முறை. பாடமே தெரியாத ஒருவரை உட்கார வைத்து, இருபது நிமிடத்தில் ஒரு பாடம் நடத்தி, அதைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். ஒரு வாரம் கழித்து அந்த ஆள் தனியாக ஆன்லைனில் வந்து, கற்றுக்கொண்டதை மதிப்பீட்டாளரிடம் தன் வாயால் சொல்ல வேண்டும். ஆசிரியர் பக்கத்தில் இருக்கக் கூடாது.

"ஆளுக்கு எங்க போறது?" என்றாள்.

"நான் இருக்கறன்ல. என்னை விட ஒண்ணும் தெரியாத ஆளு இந்த ஜில்லாவுல கெடைப்பானா?"

வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றி நிறைய விபூதி பூசி, செல்போனுக்கு நேராக உட்கார்ந்தேன். திட்ட விலக்கம் என்ற பாடத்தை நடத்தினாள். சராசரி வரைக்கும் பிடிபட்டது. அதற்குப் பிறகு லேப்டாப்பில் ஒரு எழுத்து வந்தது. உருண்டைக்கு வால் முளைத்த மாதிரி இருந்தது. அதிலிருந்து எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"புரிஞ்சுதாங்க?"

"புரிஞ்சுது."

கடைசி வரை அப்படியே சொன்னேன். எங்கள் பக்கத்தில் அது பழக்கம். வேளாண் ஆபீசர் மருந்து அளவு சொல்லி "புரிஞ்சுதா" என்பார், "புரிஞ்சுதுங்க" என்போம். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டாலும் அதுதான். சொல்லித் தருகிறவரிடம் புரியவில்லை என்பது அவரைக் குறை சொல்வது மாதிரி. தலையை ஆட்டிவிட்டு வந்து, வெளியில் யாரையாவது கேட்டுக்கொள்வோம். இதோடு என் சொந்த வெட்கமும் சேர்ந்துகொண்டது. எங்கோ உட்கார்ந்து பார்க்கிறவர்கள், இவள் புருஷன் ஒரு மண்ணு என்று நினைத்துவிடக் கூடாது.

ஒரு வாரம் கழித்து, திரையில் ஒரு வயதான அம்மா வந்தார். அவர்தான் மதிப்பீட்டாளர். "சொல்லுங்க ஐயா, என்ன கத்துக்கிட்டீங்க?" என்றார். சராசரி என்றால் என்ன என்று சொன்னேன்.

"ரொம்ப சரி. அதுக்கு அடுத்து?"

"அதுக்கு அடுத்தும் சராசரிதாங்க."

அவர் சிரிக்காமல் நன்றி சொன்னார். மறுநாள் முடிவு வந்தது. 'மீண்டும் செய்க. இன்னும் ஒரு வாய்ப்பு மட்டும்.' கீழே ஒரு குறிப்பு: புரிந்ததா என்று பதினோரு முறை கேட்டிருக்கிறீர்கள், பதினோரு முறையும் ஆம் என்று வந்திருக்கிறது, எதையாவது செய்து காட்டச் சொல்லி ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

அவள் லேப்டாப்பை மூடினாள். "எனக்குச் சொல்லிக் குடுக்க வரலங்க. வூட்ல இருக்கிற ஆளுக்கே புரிய வெக்க முடியல. கல்வராயன் மலைலேர்ந்து ரெண்டு பஸ்ஸு மாறி வர்ற புள்ளைங்களுக்கு இன்னாத்த சொல்லிக் குடுத்துக்கினு இருக்கறன்? விட்டுடறேன்."

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மாரியம்மன் கோயிலில் பூசாரி விபூதித் தட்டை நீட்டினார். என் கை போகவில்லை. "இன்னாப்பா, கை கழுவலயா?" என்றார். கழுவித்தான் வந்திருந்தேன். பொய் சொன்ன அன்றைக்கு நெற்றியில் இருந்தது இதே விபூதிதான். தாயே, நான் போய்ச் சொல்லிவிட்டு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று மனசுக்குள் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். "நீ சொல்லிக் குடுத்தது தப்பில்ல. எனக்குப் பாதியிலயே புரியல. புரிஞ்சுதுன்னு சொன்னது பொய்."

கத்தியைக் கீழே வைத்தாள். "எப்பத்துலேர்ந்து?"

"அந்த வால் மொளச்ச எழுத்து வந்துதே, அப்பத்துலேர்ந்து."

உரித்த வெங்காயத்தை ஒரு பக்கம் ஒதுக்கினாள். பிறகு சொன்னாள்: "என் கிளாஸ்ல நாப்பது பேரு தெனமும் இதே பொய்யத்தான் சொல்றாங்க. வூட்ல ஒண்ணு கம்மியா இருந்துது. நாப்பத்தொண்ணா எழுதிக்கட்டுமா?"

"எழுதிக்க. ஆனா விடாத. நான் மறுபடியும் உக்கார்றேன்."

"உக்காந்தா, புரியலன்னா புரியலன்னு சொல்லணும்."

"அம்மன் சத்தியமா சொல்றேன்."

பதினைந்து நாள் அவகாசம் இருந்தது. தினமும் விடியற்காலை உட்கார்ந்தோம். முதல் நாளே பத்து தடவை புரியவில்லை என்றேன். பதினோராவது தடவை அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "இதுகூடவா தெரியாது?"

"பாத்தியா டீச்சரம்மா, இதுக்குத்தான் உன் புள்ளைங்க வாயத் தொறக்க மாட்டேங்குதுங்க."

என் முகத்தையே பார்த்தாள். பிறகு நோட்டை எடுத்து அதை அப்படியே எழுதிக்கொண்டாள். 'இதுகூடவா தெரியாது' என்பதை அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

நாலாவது நாள், "லேப்டாப்பு வேணாம், கொல்லிக்குப் போலாம் வாங்க" என்றாள். எங்கள் பக்கம் வயலைக் கொல்லி என்போம். எங்களுக்கு இரண்டு துண்டு நிலம். ஒன்றில் அந்த வருஷ நடவு. இன்னொன்றில் போன வருஷம் வெட்டிய கட்டையிலிருந்து துளிர்த்த கட்டைக் கரும்பு. ஒவ்வொன்றிலும் ஐந்து கரும்பை முழம் போடச் சொன்னாள். நடவில் ஆறு, ஆறு, ஐந்து, ஆறு, ஏழு. கட்டைக் கரும்பில் மூன்று, ஒன்பது, நான்கு, எட்டு, ஆறு. இரண்டுக்கும் சராசரி ஆறு முழம்.

"ரெண்டும் ஒண்ணா?" என்றாள்.

"யாரு சொன்னது? இது படிய வாரின மாதிரி இருக்குது. அது எலி கடிச்ச மாதிரி இருக்குது."

"அந்த எலி கடிச்சதத்தான் கணக்கால சொல்லணும்."

ஒவ்வொரு கரும்பும் ஆறிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று எழுதினோம். கூட்டினேன். நடவிலும் பூஜ்யம், கட்டையிலும் பூஜ்யம். "புரியல. எலியே கடிக்கலன்னு வருதே" என்றேன். அவள் முகம் மலர்ந்தது. இந்தக் கேள்வியை ஆறு வருஷத்தில் ஒரு பிள்ளைகூடக் கேட்டதில்லையாம். கூடினதும் குறைந்ததும் ஒன்றை ஒன்று அடித்துவிடுவதால்தான் விலகலை அதே எண்ணால் பெருக்கிச் சராசரி எடுக்கிறோம், கடைசியில் வர்க்கமூலம் எடுத்துத் திரும்ப முழத்துக்கே வருகிறோம் என்றாள். வரப்பில் உட்கார்ந்து நானே போட்டேன். கட்டைக் கரும்புக்கு இரண்டு முழத்துக்குக் கொஞ்சம் மேல். நடவுக்கு முக்கால் முழம்கூட இல்லை. சிக்மா என்கிற அந்த வால் முளைத்த எழுத்து இதைத்தான் குறிக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

செல்போனை மோட்டார் கொட்டகை ஜன்னலில் கட்டி, அங்கேயே படம் பிடித்தோம். என் வாயிலிருந்து 'புரியல' மூன்று தடவை வந்தது. ஒன்றையும் அவள் வெட்டவில்லை.

ஒரு வாரம் கழித்து அதே அம்மா வந்தார். கரும்பைப் பற்றிக் கேட்கவில்லை. "ரெண்டு பஸ் இருக்கு. ரெண்டும் சராசரியா பத்து நிமிஷம் லேட்டு. ஒண்ணுக்கு விலக்கம் ரொம்பக் கம்மி, ஒண்ணுக்கு ஜாஸ்தி. எதுல போவீங்க?"

மனசுக்குள் மாரியம்மனை நினைத்துக்கொண்டேன். "கம்மியா இருக்கிறதுலதாங்க. அது தெனமும் பத்து நிமிஷம்தான் லேட்டா வரும், நான் பத்து நிமிஷம் லேட்டாப் போய் நிப்பேன். இன்னொண்ணு ஒரு நாளு நேரத்துக்கே போயிடும், ஒரு நாளு அரை மணி நேரம் நிக்க வெச்சிடும். அதை நம்பி டீகூட குடிக்க முடியாது."

இந்தத் தடவை அவர் சிரித்தார். அவள் தேறினாள். வேலையும் நிலைத்தது. அந்த வெள்ளிக்கிழமைதான் திரும்பவும் விபூதி எடுத்துக்கொண்டேன்.

கல்லூரி திறந்த முதல் வாரம் ஒரு நாள், பையைக்கூட இறக்காமல் வாசலிலேயே சொன்னாள்: "இன்னைக்கு ஒரு மலைப் பொண்ணு எழுந்து, 'மிஸ், எனக்குப் புரியல'ன்னு சொல்லிச்சுங்க."

"நீ இன்னா சொன்ன?"

"எங்க வூட்டுக்காரருக்கும் இந்த எடத்துலதான் புரியலன்னு சொன்னேன். அப்புறம் வரிசையா ஏழு கை தூக்குச்சு."

ஆகவே, இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்குத் தெரிந்த ஆசிரியரிடமோ, படிக்கிற பிள்ளையிடமோ இதைச் சொல்லுங்கள். என் மச்சான் சொல்கிற மாதிரி சொல்லாதீர்கள். நான் ஒரே தடவையில் பிடித்துக்கொள்ளவில்லை. விபூதி பூசிக்கொண்டு பதினோரு தடவை பொய் சொன்னேன். அதனால் ஒருத்தி தன் படிப்பையே விடப் பார்த்தாள். என் மானத்துக்காக அதை எடுத்துவிட்டால், தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு இதில் ஒன்றும் மிஞ்சாது. எழுதினபடியே கொடுங்கள்.