மருத்துவமனை அருகே போர் வேண்டாம்

எங்கள் ஊர் மருத்துவர் சங்கத்துக்கு நான் செயலாளரானது தேர்தலில் நின்று ஜெயித்து அல்ல. அந்த மாதக் கூட்டத்துக்கு நான் போகவில்லை, அதனால் ஆனேன். வராதவர் தலையில் வேலையைக் கட்டுவது எங்கள் சங்கத்தின் எழுதாத சட்டம்.

தலைவர் எலும்பு மருத்துவர். தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து இடுப்பு போனவர்களில் பாதிப் பேர் அவரிடம்தான் போவார்கள். ராசியான கை. வடகலைக்காரர் ஒருவருக்கும் தென்கலைக்காரர் ஒருவருக்கும் ஒரே நாளில் மூட்டு மாற்றி, இருவர் மனமும் கோணாமல் வீட்டுக்கு அனுப்பி வைத்தவர். எதிலும் ஒரு பக்கம் சாய்ந்துவிடக் கூடாது என்பதில் அவருக்கு அவ்வளவு கவனம்.

நான் ஒரு சின்னத் தனியார் மருத்துவமனையில் பொது மருத்துவர். காய்ச்சல், சர்க்கரை, ரத்த அழுத்தம், இவைதான் என் உலகம். சில வருடங்களுக்கு முன் அங்கே ஒரு செவிலியர் வேலைக்குச் சேர்ந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். செவிலிமேட்டில் வீடு. ஊர்ப் பெயரிலேயே செவிலி இருப்பதைச் சொல்லி ஒவ்வொரு நோயாளியும் ஒரு தடவையாவது சிரிப்பார். அவரும் அப்போதுதான் முதல் முறை கேட்பதுபோல் சிரித்து வைப்பார். அதற்கு முன் அவர் வெளிநாட்டில் நான்கு வருடம் வேலை பார்த்ததும், அந்த நாட்டில் சண்டை நடந்ததும் எனக்குத் தெரியும். நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

ஒரு நாள் காலை நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. வேறு ஏதோ ஒரு நாட்டில் ஒரு மருத்துவமனை மேல் குண்டு விழுந்து புகை எழும்பிக்கொண்டிருந்தது. பெஞ்சில் இருந்த ஒருவர் சீரியல் வைக்கச் சொன்னார். செவிலியர் ரத்த அழுத்தக் கருவியைக் கையில் வைத்தபடி நின்று பார்த்தார். பிறகு என் அறைக்கு வந்தார்.

"நாங்க மொட்டை மாடியில பெருசா சிவப்பு குறி போட்டு வெச்சிருந்தோம் மேடம். மேலேர்ந்து பாத்தா ஆஸ்பத்திரின்னு தெரியணும்னு. அப்படியும் போட்டாங்க. தெரிஞ்சு போட்டாங்களா, தெரியாம போட்டாங்களான்னு இன்னிவரைக்கும் யாரும் சொல்லல."

நான் பேனாவை மூடினேன்.

"அப்போ நான் நெனைச்சிக்கினே இருப்பேன். உலகத்துல இவ்ளோ டாக்டருங்க, நர்ஸுங்க இருக்காங்க. யாராச்சும் சத்தம் போட மாட்டாங்களான்னு."

அவர் அப்படி நினைத்துக்கொண்டிருந்த காலத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். சங்கத்தின் ஆண்டு விழாவில் கரண்டியில் எலுமிச்சம்பழம் வைத்து ஓடி இரண்டாம் பரிசு வாங்கியிருந்தேன். ஒரு பிளாஸ்டிக் கூடை. அது இன்னும் வீட்டில் இருக்கிறது.

அந்த வெட்கத்தில்தான் அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் எழுந்து நின்றேன். ஞாயிற்றுக்கிழமை காலை அரை மணி நேரம், எங்கள் மருத்துவமனை இருக்கும் தெருமுனையில், வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு மௌனமாக நிற்க வேண்டும். கையில் ஒரு பதாகை. அதில் போட வேண்டிய வாசகத்தையும் எழுதிக்கொண்டு போயிருந்தேன்: "போர் நடக்கும் நாடுகளில் மருத்துவமனைகள் மீது குண்டு வீசாதீர்கள். காயம்பட்டவர் எந்தப் பக்கத்தவரானாலும் சிகிச்சை பெற விடுங்கள். போரை நிறுத்துங்கள்."

தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "நல்லாருக்குது மேடம். ஆனா நாடுன்னு போட்டா எந்த நாடுன்னு கேப்பாங்க."

நாடு போயிற்று.

குழந்தை மருத்துவர் சொன்னார்: "குண்டுன்னு இருந்தா போலீஸ்ல பர்மிஷன் குடுக்க யோசிப்பாங்க."

குண்டும் போயிற்று.

"பக்கத்தவர்னு வருது பாருங்க, அது வேணாமே. பக்கம்னாலே பிரச்சினை" என்றார் தலைவர். அந்த வரி முழுவதும் போயிற்று. "அப்புறம் இந்த 'நிறுத்துங்கள்'. ஆர்டர் போடற மாதிரி இருக்குது. 'வேண்டாம்'னு கேட்டுக்கலாம், மரியாதையா." 'மீது' என்பது கொஞ்சம் கடுமையாகத் தெரிகிறது என்று அவரே அதை 'அருகே' என்று திருத்தினார். பஜ்ஜி வந்தது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

வாசகத்தைப் பதாகை அச்சடிக்கும் கடைக்கு நான்தான் தொலைபேசியில் சொன்னேன். இரண்டு நாள் முன்னதாகவே தெருமுனையில் கட்டிவிட்டார்கள். "மருத்துவமனை அருகே போர் வேண்டாம். இவண், மருத்துவர் சங்கம்." பின்னணி முழுக்க நீலம். ஓரத்தில் தலைவரின் சிரித்த முகம். நடுவில் பெரிதாக ஒரு நீர்த்துளி.

"கண்ணீர்த் துளி. நாம சொல்லாமலே போட்டிருக்கான் பாருங்க. கலைஞன்" என்றார் தலைவர்.

சனிக்கிழமை மாலை ஒருவர் பொன்னாடையோடு என் அறைக்கு வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. தண்ணீர் லாரி வைத்திருப்பதாகச் சொன்னார். எனக்குப் பொன்னாடையைப் போர்த்திவிட்டுக் கைகூப்பினார்.

"இந்த ஊர்ல இதை தைரியமா சொன்னது நீங்க ஒருத்தர்தான் டாக்டரம்மா."

நான் நெகிழ்ந்துபோனேன். "எத்தனை உயிர் போகுது பாருங்க" என்றேன்.

"உயிரா? பூமியே போச்சும்மா. எங்க பாத்தாலும் குழி. அறுநூறு அடி, எழுநூறு அடின்னு எறங்கிக்கினே இருக்கானுங்க."

பதுங்குகுழிகளைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். இவ்வளவு ஆழமாகவா தோண்டுகிறார்கள் என்று ஆச்சரியமாக இருந்தது. தண்ணீர் லாரிக்காரர் உலகச் செய்திகளை எவ்வளவு கூர்ந்து கவனிக்கிறார், நாம் தலைப்புச் செய்தியோடு நின்றுவிடுகிறோமே என்று அவரைத் தெருவரை வந்து வழியனுப்பி வைத்தேன்.

ஞாயிறு பத்து மணிக்கு மருத்துவர்களில் பதினோரு பேர் வந்தோம். செவிலியரும் வந்திருந்தார். எதிர்ப்பக்கத்தில் நாற்பது பெண்கள் காலிக் குடங்களோடு நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் ஆழ்துளைக் கிணறு போடும் பெரிய லாரி ஒன்று இரும்புக் குழாய்களோடு நின்றது. அதன் சொந்தக்காரர் மீசையை முறுக்கவில்லை, அவ்வளவுதான். நடுவில் ஒரு சப்-இன்ஸ்பெக்டர். நம் மௌனத்துக்கு இவ்வளவு ஆதரவா என்று அவர்களைப் பார்த்துக் கைகூப்பினேன்.

முதல் வரிசையில் குடத்தோடு நின்ற பெண் என் நோயாளிதான். பட்டு நூலுக்குச் சாயம் போடும் குடும்பம்.

"ஏன் டாக்டரம்மா, நீங்களே இப்படி பண்ணலாமா? கிட்னில கல்லு, தண்ணி நெறைய குடி, தண்ணி நெறைய குடின்னு என்கிட்ட சொல்லிட்டு, இப்போ போர் வேணாங்கறீங்களே."

தண்ணீர் குடிப்பதற்கும் போருக்கும் என்ன தொடர்பு என்று நான் யோசிப்பதற்குள் தலைவர் முன்னால் வந்தார். "அம்மா, போர் வந்தா யாருக்குமே நல்லதில்லம்மா."

"வந்தாதான் சார் நல்லது. நாலு வருஷமா கேட்டுக்கினு இருக்கோம்."

"நாலு வருஷமா போர் கேக்கறீங்களா?" தலைவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"மனு குடுத்து குடுத்து இப்போதான் இந்த காம்பவுண்டு மூலையில போடறேன்னு சொல்லியிருக்காங்க. அதுக்குள்ள நீங்க போர்டு கட்டிட்டீங்க."

சப்-இன்ஸ்பெக்டர் தலைவர் காதருகே குனிந்தார். "சார், போர் வேணாம்னா மாநகராட்சிக்கு ஒரு மனு எழுதிக் குடுத்துடுங்க. ரோட்டுல நிக்க வேணாம்."

"மாநகராட்சி எப்படிங்க போரை நிறுத்தும்?"

"அவங்கதான சார் போடறாங்க."

நான் பதாகையைத் திரும்பிப் பார்த்தேன். நீலம். நீர்த்துளி. போர். நேற்றுப் போர்த்திய பொன்னாடை தோளில் சுடுவதுபோல் இருந்தது. கூட்டத்தின் பின்னால் தண்ணீர் லாரிக்காரர் எங்களைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அச்சடித்தவன் கலைஞன் இல்லை. படித்ததைப் புரிந்துகொண்ட சாதாரண மனிதன்.

"கழட்டிட்டுக் கலைஞ்சிடலாம் மேடம்" என்று தலைவர் பல்லிடுக்கில் சொன்னார். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. அதற்குள் செவிலியர் தெருவைக் கடந்து குடங்களுக்கு முன்னால் போய் நின்றிருந்தார்.

"அக்கா, இது தண்ணி வர்ற போர் இல்ல. சண்டை. நாட்டுக்கு நாடு குண்டு போட்டுக்கினு அடிச்சிக்கறாங்க இல்ல, அந்தப் போர். ஆஸ்பத்திரி மேல குண்டு போடாதீங்கன்னு சொல்றதுக்குத்தான் நாங்க நிக்கறோம்."

சாயக்காரப் பெண்தான் கேட்டார்: "அதை அப்படியே எழுதறதுக்கு என்னா?"

பதினோரு மருத்துவர்களும் பதாகையை அண்ணாந்து பார்த்தோம்.

"நீங்க பாத்திருக்கீங்களா அந்த மாதிரி?" என்று வேறொரு பெண் கேட்டார்.

செவிலியர் பார்த்ததைச் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. அவர் இருந்த மருத்துவமனையில் முதலில் தீர்ந்தது மருந்து இல்லை, தண்ணீர். மாடித் தொட்டி உடைந்துபோனது. பின்பக்கம் ஒரு போர் இருந்தது. ஜெனரேட்டருக்கு டீசல் கிடைக்கும்போது மட்டும் மோட்டார் ஓடும். வரும் தண்ணீரை அளந்து கொடுப்பார்கள். இரண்டு பக்கத்து ஆட்களும் அடிபட்டு வருவார்கள், ஒரே வரிசையில் கிடப்பார்கள். ஒரு நாள் துப்பாக்கியோடு ஒருவன் உள்ளே வந்து, இவர்களில் எதிரி யார் யார் என்று கேட்டான். அங்கிருந்த வயதான மருத்துவர், இது எலும்பு முறிவு, இது வயிற்றில் காயம், இது தீக்காயம் என்று ஒவ்வொரு கட்டிலாகக் காட்டிக்கொண்டே போனார். கடைசிக் கட்டில்வரை காட்டினார். அவன் போய்விட்டான்.

"அன்னிக்கு ஒரு பிரசவம். நாலு குடம் தண்ணிதான் இருந்துச்சு. அதுல பாத்தோம்."

"நாலு குடத்துலயா?" சாயக்காரப் பெண் தன் குடத்தைக் குனிந்து பார்த்தார். "ரெண்டு பேரும் பொழைச்சாங்களா?"

"பொழைச்சாங்க. பொண்ணு."

ஆழ்துளைக் கிணறு போடும் லாரிக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். முகம் தீவிரமாக இருந்தது. "அந்த போர் எத்தனை அடி, சிஸ்டர்?"

"தெரியாதுங்கண்ணா. கேக்கத் தோணல."

"கேட்டிருக்கணும்" என்றார் அவர் வருத்தத்தோடு. பிறகு லாரிக்குப் போய், குழாய்களுக்கு எண் போட வைத்திருந்த சிவப்புப் பெயின்ட் டப்பாவையும் ஒரு பிரஷ்ஷையும் கொண்டு வந்து செவிலியரிடம் நீட்டினார்.

பதாகையைக் கழற்றித் தரையில் திருப்பிப் போட்டோம். தலைவரின் சிரித்த முகம் மண்ணைப் பார்த்தது. செவிலியர் வெள்ளைப் பக்கத்தில் எழுதினார்: "ஆஸ்பத்திரி மேல குண்டு போடாதே. அடிபட்டவன் எவனா இருந்தாலும் வைத்தியம் பாக்க விடு. சண்டைய நிறுத்து." நாடு தவிர நாங்கள் அடித்தவை எல்லாம் திரும்பி வந்துவிட்டன, மரியாதை கொஞ்சம் குறைந்து. தலைவர் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டார். பிறகு குனிந்து, காற்றில் மடங்கிய ஒரு முனையைத் தானே பிடித்துக்கொண்டார்.

பெண்கள் குடங்களோடு எங்கள் பக்கம் வந்து நின்றார்கள். சப்-இன்ஸ்பெக்டருக்குத்தான் சங்கடம். "பர்மிஷன் ஒரு கோரிக்கைக்குத்தாம்மா குடுத்திருக்குது. இப்போ ரெண்டாயிடுச்சே" என்றார். யாரும் கேட்கவில்லை. அரை மணி நேர மௌனம் என்று திட்டமிட்டிருந்தோம்; நாற்பது பெண்கள் நிற்கும் இடத்தில் அது இரண்டு நிமிடம்கூட நிலைக்கவில்லை. அந்தப் பிரசவக் கதையை இன்னொரு முறை சொல்ல வைத்தார்கள். தண்ணீர் லாரிக்காரர் எப்போது போனார் என்று தெரியவில்லை. பொன்னாடையைத் திருப்பிக் கேட்கவில்லை.

அதன் பிறகு என்ன நடந்தது என்றால், பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அந்த மூன்று வரிகளை ஒழுங்கான தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, தலைவர் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட, மேலே அனுப்ப வேண்டிய இடங்களுக்கெல்லாம் அனுப்பினோம். பதில் வரவில்லை. சண்டைகளும் நிற்கவில்லை. காம்பவுண்டு மூலையில் போர் போட்டார்கள், தண்ணீர் வந்தது. கையெழுத்துப் போட்டதால் தலைவருக்கு இரண்டு நோயாளிகள் குறைந்தார்கள் என்றும், அதை அவர் பெருமையாக எல்லோரிடமும் சொல்கிறார் என்றும் கேள்விப்பட்டேன்.

எனக்கு ஒருவர் குறைந்தார். மாகறலிலிருந்து பஸ் ஏறி வரும் ஓய்வுபெற்ற ராணுவ வீரர். பல வருடமாக என்னிடம் சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுபவர். அந்த வாரமே வந்து, உட்காராமல் நின்றபடி சொன்னார்: "நீங்க டாக்டரு. ஊசி போடறது உங்க வேலை. சண்டைய பத்தி எங்களுக்குத் தெரியும்மா." போய்விட்டார். இரண்டு மாதம் வரவில்லை.

மூன்றாம் மாதம் வந்தார். சர்க்கரை கண்டபடி ஏறியிருந்தது. நான் திட்டவில்லை. அவரும் என்னிடம் பேசவில்லை. செவிலியர் அவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடிக்கத் தொடங்கியபோது, சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"எனக்கு ஒருவாட்டி தோள்ல குண்டு பட்டுச்சு. கூடாரத்துல படுக்க வெச்சாங்க. பக்கத்துக் கட்டில்ல எதிரி ஒருத்தன். எங்க டாக்டர் எனக்கு முன்னாடி அவனுக்குத் தையல் போட்டாரு. அந்தக் கோவம் எனக்கு இன்னும் போகல."

"யாருக்குப் பெரிய காயம்?" என்று கேட்டார் செவிலியர்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "அவனுக்குத்தான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா. என்கிட்ட தண்ணி கேட்டான், குடுத்தேன். நீ பிரஷர் பாரும்மா."