கேட்டுத் திறக்க நினைத்த கடை

இத்தாலியின் பலெர்மோவில் நான் போர்த்தியேரே, அதாவது வாசல் காவலாள், வேலை செய்கிறேன். மாடிக் கட்டடமொன்றின் வாசலில் கண்ணாடி போட்ட சிறிய அறை. அதற்குள் ஒரு மேசை, தபால் பிரித்துப் போடும் தட்டுகள், பின்பக்கத்தில் நானும் மனைவியும் குடியிருக்கும் வீடு. படிக்கட்டைக் கூட்டித் துடைப்பது, பார்சல்களை வாங்கி வைப்பது, குப்பைத் தொட்டிகளை வெளியே இழுப்பது, யார் வருகிறார் யார் போகிறார் என்று பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அன்றன்று நடந்ததைப் படுக்கப் போகுமுன் எழுதி வைக்கும் பழக்கம் மன்னாரில் இருந்தபோதே வந்துவிட்டது. ஆகவே இதை வரிசை பிசகாமல் சொல்ல முடியும். சொல்வதால் எதுவும் மாறப்போவதில்லை.

கட்டடத்தின் முன்முகம் பொலித்தேயாமா அரங்குப் பக்கம். பின்முகம் போர்கோ வெக்கியோ சந்தைப் பக்கம். பின்பக்கத்தில் தெருவோடு ஒட்டி ஒரு கடை அறை உண்டு. நான் வேலைக்கு வந்த காலம் முதல் சந்தைக்காரர் ஒருவர் அங்கே கடலைமாவைக் கரைத்துப் பனெல்லே பொரித்து விற்றுக்கொண்டிருந்தார். புகை முற்றத்துக்குள் வரும், காயப்போட்ட துணிகளில் படியும், படிக்கட்டில் எண்ணெய் மணக்கும். யாரும் எதுவும் சொன்னதில்லை. வயதாகி அவர் பூட்டிவிட்டுப் போன பிறகு இரும்புக் கதவு இறங்கியபடியே கிடந்தது.

அந்த அறையைத்தான் கானா நாட்டுப் பெண் ஒருவர் கேட்டார். எங்களுக்குத் தமிழ்ப் பூசை நடக்கும் அதே கோவிலில் காலையில் அவர்களுக்கு ஆங்கிலப் பூசை. பங்கு மண்டபத்தின் சாவியை அவர் என்னிடம் கைமாற்றுவார், அப்படித்தான் பழக்கம். என் வயது இருக்கும். வந்த நாளிலிருந்து முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கட்டிலிலிருந்து தூக்குவது, குளிக்க வார்ப்பது, கதிரையில் இருத்துவது. முழங்கால் இரண்டும் போய்விட்டன. இனி ஆள் தூக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் தன் ஆட்களுக்குத் தக்காளிச் சோறும் பொரித்த மீனும் சமைத்துக் கொடுப்பார். அதைக் கடையாக்கினால் அடுப்படியில் ஒரு ஸ்டூலைப் போட்டு இருந்தபடியே வேலை செய்யலாம் என்பது அவர் எண்ணம். இது சரிவராவிட்டால் அவருக்கு மறுபடி ஆள் தூக்கும் வேலைதான்.

கடை அறையின் சொந்தக்காரர் நகரின் மறுகோடியில் இருக்கும் ஒரு கிழவர். தொலைபேசியில் இருவரையும் பேச வைத்தேன். நல்ல மனிதர். பூசிக் கழுவி எடுங்கள், ஈஸ்டருக்குப் பிறகு தொடங்கலாம் என்றார். நானும் கானாப் பெண்ணும் சுவரைச் சுரண்டினோம். பனெல்லேக்காரரின் எண்ணெய்ப் படலம் கையில் ஒட்டிக்கொண்டு போகவே மாட்டேன் என்றது.

அந்த வாரங்களில்தான் அவருடைய நாட்டிலிருந்து பெரிய வியாபாரி ஒருவர் பங்கு மண்டபத்துக்குப் பேச வந்தார். பழச்சாறு ஆலைகள் வைத்திருப்பவர். இங்கே தொழில் தொடங்க நினைக்கும் ஆபிரிக்க இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் நாலு வார்த்தை சொல்லும்படி கோவில்காரர்கள் கேட்டிருந்தார்கள். ஒலிபெருக்கியைப் பூட்டிக் கொடுக்க நான் போயிருந்தேன். எனக்கு ஆங்கிலம் விளங்கும், பேசத்தான் வராது.

கோட்டு இல்லை, டை இல்லை, வெள்ளைச் சட்டை. மின்விசிறிச் சத்தத்தில் பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காது என்று அதை நிறுத்தச் சொல்லிவிட்டு வேர்க்க வேர்க்கப் பேசினார். பஸ் நிலையத்தில் வாளியில் அன்னாசிச் சாறு விற்றுத் தொடங்கினாராம். சாரதிகள் துரத்தினார்கள். அவர்களின் தலைவனிடம் போய், நான் இங்கே நின்றால் உங்களுக்கு என்ன தொந்தரவு என்று கேட்டிருக்கிறார். ஈ என்றானாம். அன்றிலிருந்து தோலைச் சாக்கில் கட்டித் தானே கொண்டுபோய் எறிந்தார், வாளிக்கு மூடி போட்டார். பிறகு அதே சாரதிகள்தான் அவருக்கு இடம் பிடித்து வைத்தார்கள். பொருளைப் பிடிக்காதவரால் கடை மூடப்படுவதில்லை, என்ன செய்யப்போகிறீர்கள் என்று தெரியாத அயலவரால்தான் மூடப்படுகிறது என்றார். உங்கள் கதவைத் திறக்குமுன் அவர்கள் கதவைத் தட்டுங்கள்.

வேறும் சொன்னார். சொந்தக்காரருக்கு மட்டும் விற்பது விற்பனை அல்ல, விருந்து என்றார். கடைச் சமையலும் வீட்டுச் சமையலும் ஒரே பானையில் நடக்கக் கூடாது என்றார். ஒரு இளைஞன் எழுந்து, பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பித்து வரவே வருடம் போய்விடுகிறது, நாங்கள் எப்போது தொடங்குவது என்று கேட்டான். அவர் இரு கைகளையும் விரித்தார். "இந்த நாட்டின் காகிதங்கள் எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொன்னால் நான் வியாபாரி இல்லை, பாதிரியார்" என்றார். எங்கள் பங்குத் தந்தைதான் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தார்.

எனக்கு அந்த மனிதரைப் பிடித்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் கானாப் பெண் போர்த்தியேரே அறைக்கு வந்தார். நாங்கள் பேசுவது இருவருக்கும் பொதுவான உடைந்த இத்தாலியம். அதை என் தமிழில்தான் எழுத முடியும்.

"ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தட்டுச் சோறு குடுக்கப்போறன், சகோதரம். குடுத்து, மணம் உங்களுக்குக் கரைச்சலோ எண்டு கேக்கப்போறன்."

"சோறு குடுங்கோ. கேள்வியை விடுங்கோ, சகோதரி."

"ஏன்?"

"இஞ்சை நீங்கள் பாட்டுக்குச் செய்தால் ஆரும் பேசாமல் இருப்பினம். கேட்டால் பதில் சொல்லவேணும். பதில் சொல்லவேணுமெண்டால் யோசிப்பினம்."

"யோசிக்கட்டுமே. அவர் சொன்னது நீங்களும் இருந்து கேட்டதுதானே."

"அவர் தன்ர ஊர் பஸ் ஸ்டாண்டிலை கேட்டவர்."

அவர் என் துடைப்பத்தைப் பார்த்தார். "உங்கட ஆக்கள் ஒண்டையும் கேக்கிறேல்லை. கேளாமல் இருந்து இருந்து, எத்தனை வருசமா மற்றவையின்ர படிக்கட்டைக் கூட்டிக்கொண்டு இருக்கிறியள்?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். நாங்கள் இந்த ஊரில் அப்படித்தான் தங்கினோம். வீட்டுக்குள் மீன் குழம்பு வைக்கும்போது யன்னலைப் பூட்டிக்கொள்வோம். பெருநாள் வந்தால் மண்டபத்துக்குள் கொண்டாடுவோம். யாரிடமும் சம்மதம் கேட்டதில்லை; யாரும் மறுத்ததுமில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர் தட்டுகளோடு ஏறினார். உறைப்பைக் குறைத்து, மேலே கொஞ்சம் வாழைப்பழப் பொரியல் வைத்து, வெள்ளித்தாளால் மூடி, தன் வீட்டு நல்ல பீங்கான் தட்டுகளில் கொண்டுவந்திருந்தார். பழைய மின்தூக்கி அவரையும் தட்டுகளையும் சேர்த்துக் கொள்ளாது என்பதால் தட்டுகளை நான் படியால் கொண்டுபோனேன். ஒவ்வொரு வாசலிலும் கதவு திறந்தது, கன்னத்தில் முத்தம், என்ன அழகான மணம் என்ற பேச்சு. அவர் கேட்கவேண்டியதை ஒழுங்காகக் கேட்டார். கரைச்சலா, இதிலென்ன, நீங்கள் நல்லாயிருக்க வேணும் என்றார்கள். இறங்கும்போது என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

தட்டுகள் ஞாயிறும் திங்களுமாக என் அறைக்குத் திரும்பி வந்தன. எங்கள் ஊரைப்போலவே இங்கும் சாப்பாடு வந்த தட்டை வெறுமையாகத் திருப்புவதில்லை. ஒரு எலுமிச்சையாவது வைப்பார்கள். மூன்றாம் மாடிச் சின்யோரா, அந்த வீட்டுப் பெண்மணி, மட்டும் சியாகுல்லித் தோட்டத்து மந்தரின் தோடம்பழங்களை நிரப்பி அனுப்பியிருந்தார். மற்றவை பளபளவென்று கழுவி, துடைத்து வந்தன.

என் மனைவி அவற்றை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "மற்றதெல்லாம் வெறுந்தட்டா வருதப்பா."

"ஓம்."

"அவவுக்குச் சொல்லுவமோ?"

"என்னெண்டு சொல்லுறது?"

அவள் வீட்டில் இருந்த பிஸ்கட்டுகளைப் பிரித்து ஒவ்வொரு தட்டிலும் வைத்து மூடினாள். அது சரியா பிழையா என்று நான் யோசித்துப் பார்த்தேன். எடுக்கச் சொல்லவில்லை.

பிறகு ஒவ்வொருவராக என் கண்ணாடி அறையடியில் நின்றார்கள். முதலாம் மாடியில் ஓய்வுபெற்ற ஆசிரியை. அவருக்குக் கடையில் விருப்பம்தான். புகை எந்தப் பக்கத்தால் போகும் என்று மட்டும் அறிய வேண்டும். இரண்டாம் மாடி வழக்கறிஞர் நாய்க்குக் கழுத்துப்பட்டி பூட்டியபடி நின்றார்.

"எனக்கு எதிர்ப்பு ஒண்டும் இல்லை. ஆனா மணத்தைப் பற்றி அவவேதான் கேட்டவ. அவவே கேக்கிறாவெண்டால் அதிலை ஏதோ இருக்கத்தானே வேணும்?"

"முதல் இருந்தவரும் பொரிச்சவர்தானே, அவ்வொகாத்தோ?"

"அவர் எங்களிட்டை ஒண்டும் கேக்கேல்லையே."

கேலியாகச் சொல்லவில்லை. சட்டம் படித்தவர் சொல்லும் நிதானத்தோடு சொன்னார். அந்த நாய் என் கதவுக்காலை மணந்து முடிக்கும்வரை நின்றுவிட்டுப் போனார். அவர்கள் அந்தப் பெண்ணின் நிறத்தை மனதில் வைத்துப் பேசினார்களா என்று என் மனைவி கேட்டாள். தெரியாது என்றேன். அவர்களுக்கே தெரிந்திருக்காது. பனெல்லேக்காரர் அவர்களுக்கு மழையைப் போல ஒன்று. அது பெய்வதற்கு யாரும் கை தூக்குவதில்லை.

இப்படிப் பேச்சு எழவே, கடையைப் பற்றி முடிவெடுக்க வீட்டுக்காரர் கூட்டத்துக்குக் கட்டட நிர்வாகி திகதி வைத்தார். அறிவித்தலை வாசல் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டியது நான்தான். கானாப் பெண் அதை வாசித்துவிட்டு, ஊருக்குத் திரும்பிப் போயிருந்த அந்த வியாபாரிக்கு வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பினார். பதில் வராது என்று நினைத்தேன். வந்தது. என் மேசையில் தொலைபேசியை வைத்து எனக்கும் போட்டுக் காட்டினார். நீங்கள் செய்தது சரி, விருப்பமில்லாதவர்கள் அதை அடுப்பு வாங்குமுன் சொல்லிவிட்டார்கள், அதுவும் இலாபம்தான், அடுத்த தெருவில் பாருங்கள் என்றது குரல்.

அதில் ஒரு சொல்லும் பிழையில்லை. அடுத்த தெருவில் இந்தப் பெண்ணை நம்பி அறை தரக் கிழவர் ஒருவர் இல்லை என்பதை அந்த மனிதர் எப்படி அறிவார்? எனக்கு அவரோடு கோபிக்க வழி இருக்கவில்லை. அவரோடு மட்டுமல்ல, யாரோடும்.

கூட்டம் மாலையில், எங்கள் வாசல் மண்டபத்தில். கதிரைகளைப் போட்டுவிட்டு நான் கண்ணாடி அறைக்குள் போனேன். என்னை வேலைக்கு வைத்திருப்பவர்களின் கூட்டம். தண்ணீர் கேட்டால் கொடுக்கலாம், பேச முடியாது. கானாப் பெண்ணுக்கும் அங்கே இடமில்லை. சொந்தக்காரர்கள் மட்டுமே இருக்கலாம். அவர் எங்கள் குசினியில் மனைவியோடு இருந்தார். நடுக்கதவு கொஞ்சம் திறந்திருந்தது.

யாரும் அவரைக் குறைவாகப் பேசவில்லை. சோற்றைப் புகழ்ந்தார்கள். பிறகு புகைக்குழாயைப் பற்றிப் பேசினார்கள். சட்டப்படி சமைப்பதென்றால் குழாய் முற்றத்துச் சுவரில் ஏறிக் கூரை வரை போக வேண்டும். ஆசிரியை முற்றத்தில் காயும் தன் விரிப்புகளைச் சொன்னார். வழக்கறிஞர் சுவரின் பழைமையைச் சொன்னார். கடைச் சொந்தக்காரக் கிழவர் தொப்பியை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். நிர்வாகி, குழாய் வேண்டாம் என்பவர்கள் கையை உயர்த்துங்கள் என்றார். கண்ணாடி வழியாகக் கைகளைப் பார்த்தேன். மூன்றாம் மாடிச் சின்யோராவின் கை கொஞ்சம் பிந்தி, காது உயரத்துக்கு எழுந்தது.

கிழவர் எழுந்து, அப்படியானால் உல்லாசப் பயணிகளின் பெட்டிகளை வைக்க யாரோ கேட்டார்கள், அதற்கே கொடுத்துவிடுகிறேன் என்றார். அதற்கு யாரும் கை தூக்க வேண்டியிருக்கவில்லை.

நான் போய்ச் சொல்லுமுன் கானாப் பெண்ணே குசினியிலிருந்து வெளியே வந்துவிட்டார். முகம் கழுவியிருந்தார். ஆட்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். குழாய்தான் பிரச்சினை, நீங்கள் இல்லை என்றார்கள். முத்தம் கொடுத்தார்கள். உண்மையாகவே வருத்தப்பட்டார்கள், அதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மூன்றாம் மாடிச் சின்யோரா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ர அம்மா உங்கட சோத்தை எவ்வளவு விருப்பமாச் சாப்பிட்டவ தெரியுமோ? காலமையிலை வந்து அவவைப் பாக்க ஏலுமோ? பெரிய வேலை இல்லை. கட்டிலாலை தூக்கிக் கதிரையிலை இருத்தினால் போதும்."

அவர் சின்யோராவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். முழங்காலைப் பற்றி அங்கே அறிந்தவன் நான் ஒருவன்தான். நிர்வாகி என் தோளோடு தோள் நின்று காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். ஏலாது என்று நான் தலையசைத்தால் அந்த வேலையும் இல்லை. ஓம் என்று அசைத்தால் அந்தக் கால்கள். என் தலை எந்தப் பக்கமும் அசையவில்லை.

"எப்ப தொடக்கம், சின்யோரா?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை என்றார் சின்யோரா. பேச்சு மெல்லக் குறைந்தது, மின்தூக்கி ஏறி இறங்கி ஏறியது, மண்டபத்தில் நாங்கள் இருவரும் மிஞ்சினோம். அவர் ஒரு கதிரையை மடித்தார்.

"விடுங்கோ, நான் எடுக்கிறன்."

"திங்கள் தொடக்கம் தூக்கத்தானே போறன். எங்கை வைக்கிறது?"

நிலவறைக் கதவைக் காட்டினேன். அவர் கையில் இரண்டு, என் கையில் இரண்டு. போய் வந்து போய் அடுக்கி முடித்தோம்.