ஹால்வெர்டன் பிரபுவின் நேர்மை

மட்டையில் லேசாக உரசிய பந்து விக்கெட் கீப்பர் கைக்குப் போனதும், நடுவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே நடந்துவிடுவார் ஹால்வெர்டன் பிரபு. "பட்டுச்சுப்பா. எனக்குத் தெரியாதா? அவுட்னா அவுட்தான்." இங்கிலாந்தின் டார்செட் பக்கத்து எங்கள் கிராமம் இந்த நேர்மையைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறது. அவர் குதிரைகளுக்கு லாடம் அடிக்கும் கொல்லன் நான். அவர் அணியில் ஆடுகிறவனும்கூட. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஐம்பது வயதிலும் நிமிர்ந்த உடம்பு. ஆட்டத்துக்குக் கூலி வாங்குவது கேவலம் என்பார். தாத்தா காலத்துத் தொப்பியின் கிழிசலைத் தானே தைத்துக்கொள்வார். நாய்களிடம் பேசும்போது குரல் குழையும். ஜெர்மன்காரர்களோடு நடந்த போரில் எங்கள் ஊர்ப் பையன்களுக்கு அவர்தான் கேப்டன்.

அவர்களில் ஒருவன் ஜெம் ட்ராஸ்க். பிரபுவின் அணிக்காக வருடக்கணக்கில் பந்து வீசியவன். பிரான்சில் குண்டு விழுந்து மண்ணுக்குள் புதைந்தவனைத் தோண்டி எடுத்தார்கள். மறுநாள் துப்பாக்கியைப் போட்டுவிட்டு, புத்தி பேதலித்து எங்கேயோ நடந்துபோனான். ஓடிப்போனான் என்று ராணுவ கோர்ட்டில் நிறுத்தினார்கள். ஆள் எப்படி என்று கேப்டனைக் கேட்டார்கள்.

"உதவாத ஆள்" என்றார்.

சுட்டுவிட்டார்கள். அந்தக் கோர்ட் வாசலில் காவல் நின்ற எங்கள் ஊர்ப் பையன் எனஸ், காதால் கேட்டதை வந்து சொன்னான்.

இப்போது தேவாலய முற்றத்தில் போர் நினைவுக்கல் எழும்புகிறது. ஜெம் பெயர் அதில் கிடையாதாம். கல் வைக்கும் குழுவின் தலைவர் பிரபுதான்.

போன சனிக்கிழமை ஆட்டத்தில், தேநீர் இடைவேளையின்போது கால்காப்போடு உட்கார்ந்திருந்த அவர் முன்னால் ஜெம்மின் அம்மா ஹெஸ்டர் வந்து நின்றாள்.

"பந்து பட்டுச்சுன்னா யாரும் கேக்காமலே சொல்றீங்களே, பிரபு. என் புள்ளைய மண்ணு மூடுச்சே, அதை ஏன் சொல்லல?"

"அதைப் பேச இது இடமில்ல, ஹெஸ்டர்."

"இடம் அந்தக் கோர்ட்டுதான். அங்க சொல்லலியே! கல்லுலயாவது அவன் பேரைப் போடுங்க."

"அன்னைக்கு அவனை விட்டிருந்தா, மத்தவன் எவன் போர்முனையில நின்னிருப்பான்?"

"அப்போ அவன் உதவாதவன் இல்ல. உங்களுக்கு நல்லாத்தான் உதவியிருக்கான்."

ஒரு வார்த்தையாவது வரும் என்று காத்திருந்தேன்.

பிரபு அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. குனிந்து, ஏற்கெனவே இறுகியிருந்த கால்காப்பின் வாரை இன்னும் ஒரு துளை தள்ளி இழுத்து மாட்டிக்கொண்டார்.