உட்கார்ந்த மாப்பிள்ளை

அந்தக் குறுந்தகட்டைப் போட்டால் திரையின் வலது மூலையில் ஜனவரி ஒன்றாம் தேதி என்று ஓடும். நம்ப வேண்டாம். வீடியோக்காரர் கேமராவின் கடிகாரத்தைத் திருத்தாமல் விட்டுவிட்டார். என் சித்தியின் கல்யாண வரவேற்பு ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை மாலை நடந்தது. மறுநாள் காலை முகூர்த்தம். ஆதாரம், அம்மா பீரோவில் வைத்திருக்கும் அழைப்பிதழ். மாலை ஆறு மணிக்குமேல் என்று அதில் அச்சிட்டிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டு வேன் பூந்தமல்லியிலிருந்து கொரட்டூர் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தபோது ஏழரை என்று பெரிய மாமா இன்றும் அடித்துச் சொல்கிறார். ஐந்து நிமிடம்கூடக் குறைத்துக்கொள்ள மாட்டார்.

எங்கள் பக்கத்தில் வரவேற்பு முந்தின நாள் மாலை, தாலி மறுநாள் காலை. ஊர் முழுக்க வந்து சாப்பிட்டு, மொய் எழுதி, போட்டோ எடுத்துக்கொண்டு போன பிறகும் கல்யாணம் நடந்திருக்காது. எதனாலாவது நின்றுபோக வேண்டுமானால் அதற்கு இன்னும் ஒரு ராத்திரி பாக்கி இருக்கும். அந்த ராத்திரியை நினைத்துத்தான் அம்மா ஒரு மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

காரணம், சித்தி நின்றால் விழுந்துவிடுவாள்.

எப்போதும் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் துணி ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை மேஜைக்கு மேஜை நடந்தபடி சட்டைகளைச் சரிபார்ப்பாள். அங்கே ஒரு நாளும் விழுந்ததில்லை. ஒரே இடத்தில் அசையாமல் நின்றால்தான் வம்பு. கல்யாணத்துக்கு முந்தின வருஷம் முதல் வரன் பெண் பார்க்க வந்தது மாங்காட்டுக் கோயிலில். வெள்ளிக்கிழமை, நகராத வரிசை, சித்தி விரதம் வேறு. உதடு வெளுத்தது, நெற்றி வியர்த்தது, சரிந்துவிட்டாள். நல்லவர்கள் நாலு பேர் ஓடிவந்து அவளைத் தூக்கி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார்கள். ஐந்தாவதாக வந்த அம்மாள் தன் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்துச் சித்தியின் கையில் திணித்தாள்.

சித்தி மயங்கியதால் அந்த வரன் போகவில்லை. சாவியால் போனது. கையில் இரும்பைக் கொடுத்துவிட்டால் எங்கள் பக்கத்தில் அது வலிப்பு. மாப்பிள்ளை வீட்டார் வரிசையில் நாலு பேருக்குப் பின்னால் நின்று சாவியைப் பார்த்தார்கள். அப்புறம் அவர்களிடமிருந்து போனே வரவில்லை.

அம்மா சித்தியை மண்ணூர்பேட்டை டாக்டரிடம் கூட்டிப்போனபோது நானும் போயிருந்தேன். படுக்கவைத்து ஒரு தரம், நிற்கவைத்து ஒரு தரம் பிரஷர் பார்த்துவிட்டு அவர் சிரித்தார்.

“வலிப்பும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. மாடி டேங்குக்குத் தண்ணி ஏத்தற மாதிரிதான் தலைக்கு ரத்தம் ஏத்தறது. நெஞ்சுல ஒரு மோட்டார். கெண்டைக்கால் ரெண்டாவது மோட்டார். ஆடாம அசையாம நின்னா அது ஆஃப். குதிகால ஏத்தி எறக்கிக்கிட்டே இருக்கச் சொல்லுங்க. உப்பு போட்டு மோர் குடுங்க. மீறி விழுந்தா படுக்கவைங்க, தூக்கி நிறுத்தாதீங்க.”

பின்னாளில் இதைத் தேடித்தேடிப் படித்தேன். எழுந்து நின்றதும் ரத்தத்தில் கணிசமான பங்கு கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடுகிறது. கழுத்து ரத்தக்குழாயிலும், இதயத்துக்கு மேலே வளையும் பெருங்குழாயிலும் உள்ள உணர்நரம்புகள் அழுத்தம் குறைவதை உடனே மூளைக்குச் சொல்கின்றன. மூளை இதயத்தை வேகமாகத் துடிக்கவைத்து, குழாய்களை இறுக்குகிறது. கால் தசை அசையும்போதெல்லாம் ரத்தத்தைப் பிழிந்து மேலே தள்ளுகிறது. நாம் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவதற்குள் இவ்வளவும் நடந்து முடிந்துவிடும், நமக்குத் தெரியாமலே. புழுக்கத்தில், வெறும் வயிற்றோடு, அசையாமல் நெடுநேரம் நின்றால் சிலருக்குக் கட்டளை திடீரென்று தலைகீழாகிறது. இதயம் நிதானித்து, குழாய்கள் தளர்ந்து, அழுத்தம் சரிகிறது. ஆள் விழுந்து தலை இதயத்தின் மட்டத்துக்கு வந்ததும் தெளிந்துவிடுகிறார். விழுவதே பாதி வைத்தியம். ஆனால் அதை வரவேற்பு மேடையில் செய்துகொள்ள முடியாது.

மேடையில் இரண்டு சிம்மாசனங்கள் இருந்தன. அவை போட்டோவுக்கு. பெரியவர்கள் ஒவ்வொருவராகப் பரிசோடு ஏறி வரும்போது உட்கார்ந்திருந்தால் மரியாதை இல்லை. அதிலும் மாப்பிள்ளை நிற்கும்போது பெண் உட்காரவே கூடாது. நாலு மணி நேரமானாலும் நிற்க வேண்டியதுதான்.

அம்மா எனக்குப் பட்டுப்பாவாடை கட்டி, சித்தியின் பக்கத்தில் நிறுத்தினாள். எனக்கு ஒன்பது வயது.

“சித்தி மூஞ்சியவே பாத்துகினு இரு. ஒதடு வெளுத்தா ஓடியாந்து என்னாண்ட சொல்லு. வேற யாராண்டயும் வாயத் தொறந்த, தோல உரிச்சிடுவேன்.”

சித்தி டாக்டர் சொன்னபடியே செய்தாள். பட்டுப்புடவையின் கொசுவத்துக்குள் குதிகால் ஏறியது, இறங்கியது. வெளியே யாருக்கும் தெரியவில்லை. ஆனால் மேடை ஒட்டுப்பலகை. குதிகால் இறங்கும்போதெல்லாம் கிறீச் என்றது. நாதஸ்வரம் ஓயும் இடைவெளியில் நன்றாகவே கேட்டது.

மாப்பிள்ளை என் பக்கம் குனிந்தார். மாநகரப் பேருந்தில் கண்டக்டர். அதுவரை அவர் என்னிடம் பேசியதில்லை.

“இன்னா பாப்பா அது சத்தம்?”

“எலி,” என்றேன்.

“எலியா?” பலகையைப் பார்த்தார். அப்படியே சித்தியின் முகத்தையும் ஒரு தரம் பார்த்தார். “பாவம், அப்ப புட்ச்சி ஓடிகினே கீதே. அதுக்குக் கால் வலிக்காது?”

அப்போதுதான் எஸ்டேட்டிலிருந்து ஷிப்ட் முடிந்த கூட்டம் வந்தது. வரிசை படியிறங்கி சாப்பாட்டுக்கூடம் வரை நீண்டது. நெஞ்சை மறைக்கும் ரோஜா மாலை, முகத்துக்கு நேரே இரண்டு பெரிய விளக்குகள். மோர் கொண்டுவந்த அம்மாவால் வரிசையைத் தாண்டி ஏற முடியவில்லை. வீடியோக்காரர் வேறு, “மேடம், ஆடாதீங்க! படம் ஷேக் ஆவுது. அப்டியே செல மாதிரி நில்லுங்க!” என்று கத்தினார்.

சித்தி சிலை மாதிரி நின்றாள். கிறீச் நின்றுபோயிற்று. அவள் மேலுதட்டில் வியர்வை பொடித்தது. கண் எங்கேயோ தூரத்தில் இருந்தது. உதட்டுச்சாயம் பூசியிருந்ததால் வெளுத்ததா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் ஓடினால் அதற்குள் விழுந்துவிடுவாளோ என்று கால் நகரவில்லை. முன்வரிசையில் மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் ஒரு கைப்பை. அதில் சாவி இருக்குமோ என்றுதான் என் கவலை முழுக்க.

திடீரென்று மாப்பிள்ளை, “அய்ய, சாமி!” என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிம்மாசனத்தில் உட்கார்ந்துவிட்டார்.

எதிரே பரிசை நீட்டியிருந்த பெரியவர் திகைத்தார். “பெரியவங்க கோச்சிக்காதீங்க. கால் சுளுக்கிகிச்சி, நிக்க முடியல,” என்றார் மாப்பிள்ளை. அப்புறம் சித்தியின் கையைப் பிடித்து இழுத்தார். “நீ மட்டும் நின்னா நல்லா இருக்காது. நீயும் உக்காரு. காலு ரெண்டையும் நீட்டிக்க, புடவ மறைக்கும். தலைய தொங்கப் போட்டுக்க, வெக்கப்படறன்னு நெனச்சிக்குவாங்க.”

சித்தி பொத்தென்று உட்கார்ந்தாள். தலையைத் தொங்கப் போட்டாள். கூட்டம் சிரித்தது. அன்று கடைசிவரை எல்லாரும் உட்கார்ந்தவர்களுக்கே ஆசீர்வாதம் செய்தார்கள்.

கீழே பெரிய மாமா கொதித்தார். “இன்னா மாப்ளடா இது! பஸ்ல சீட்ட உட்டு எழுந்துக்காமயே டிக்கெட் குடுக்கற ஆளு, இங்க வந்து நின்னா கால் வலிக்காம இன்னா பண்ணும்?” அன்று சாப்பாட்டுப் பந்தியிலேயே அவருக்குச் சீட்டு மாப்பிள்ளை என்று பெயர் விழுந்தது. எங்களுக்கு அவர் சீட்டுச் சித்தப்பா ஆனார். பூந்தமல்லிப் பக்கத்துக் குழந்தைகளும் இன்றுவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். கேட்டால் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்.

எனக்கு அன்று அழுகை வந்தது. இவ்வளவு கஷ்டப்பட்டு நின்ற சித்திக்கு, நிற்கத் தெரியாத ஒருவரைப் பிடித்துக் கட்டிவைக்கிறார்களே என்று. மறுநாள் முகூர்த்தத்தில் பயமில்லை. மணையில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான், அக்கினியைச் சுற்றும்போது நடை. தாலி ஏறியது. அம்மா ஒரு மாதத்துப் பசிக்குச் சேர்த்துச் சாப்பிட்டாள்.

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கையில் ஒரு நாள் எஸ்டேட் நிறுத்தத்தில் சித்தப்பாவின் வண்டியிலேயே ஏற நேர்ந்தது. மூச்சுவிட இடமில்லை. அவர் பின்படிக்கட்டுக்கு அருகே தன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். காசு கை மாறி அவரிடம் போனது, டிக்கெட் கை மாறி வந்தது. திடீரென்று எழுந்தார்.

“எம்மோவ், பச்ச சேல! இப்டி வந்து உக்காரு.”

“நான் ஒண்ணும் கேக்கலியே?” என்றாள் அந்தப் பெண்.

“கேக்கறதுக்குள்ள உழுந்துடுவ. உக்காரும்மா, தலைய குனிஞ்சிக்க.”

அவள் உட்கார்ந்தாள். அவளுடைய மேலுதட்டில் வியர்வை பொடித்திருந்ததை அப்போதுதான் நான் பார்த்தேன். பூந்தமல்லி வரை சித்தப்பா நின்றபடியே டிக்கெட் கிழித்தார். கால் வலித்ததாகத் தெரியவில்லை.

சித்தி அவரிடம் தன் மயக்கத்தைப் பற்றிச் சொன்னது கல்யாணத்துக்குப் பிறகுதானாம். அழுதுகொண்டே சொன்னாளாம். “ஓ, அப்டியா,” என்றாராம். அவ்வளவுதான்.

குறிப்பு எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு உண்டென்பதால், போன பொங்கலுக்கு அவரிடம் நேராகவே கேட்டேன்.

“அன்னிக்கி மெய்யாவே கால் வலிச்சிதா சித்தப்பா?”

“பின்ன? உயிரே போச்சி,” என்று வலது முழங்காலில் தட்டிக் காட்டினார்.

வீட்டுக்கு வந்து குறுந்தகட்டைப் போட்டேன். வீடியோக்காரர் அந்த இடத்தில் இதய வடிவத்தில் பூ மழை சேர்த்திருக்கிறார். ஆகவே அவர் உட்காரும் கணம் படத்தில் இல்லை. பூ கலையும்போது இருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். சித்தி தலை குனிந்திருக்கிறாள். சித்தப்பா சபையைப் பார்த்துச் சிரித்தபடி தன் முழங்காலை விடாமல் தேய்த்துவிடுகிறார். மூன்று முறை நிறுத்திப் பார்த்துவிட்டேன். இடது முழங்கால்.

அன்று எந்தக் கால் வலித்தது என்பதை என்னால் இன்னும் உறுதிசெய்ய முடியவில்லை.